மணமேடைக்கு முன் மூன்று கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம். கத்தோலிக்கத் திருமணச் சடங்கில் வாக்குறுதிக்கு முன் குருவானவர் மூன்று கேள்விகள் கேட்கிறார். யாருடைய வற்புறுத்தலுமின்றி வந்திருக்கிறீர்களா? வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் நேசித்து மதிப்பீர்களா? கடவுள் தரும் குழந்தைகளை அன்போடு ஏற்பீர்களா? மணமக்கள் முதியவர்களானால் மூன்றாவதைக் கேட்காமல் விட்டுவிடலாம்.

முதல் கேள்வியில் திருச்சபை இளையோர் பக்கமே நிற்கிறது. ‘என் துணையை நான்தான் முடிவுசெய்வேன்’ என்பது அடங்காத பேச்சு அல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் எண், இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதற்கு ஈடாக வேறு எந்த மனித அதிகாரமும் நிற்காது என்கிறது. கட்டாயத்தாலோ வெளியிலிருந்து வந்த கடும் அச்சத்தாலோ நடந்த திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் எண். பிள்ளை தயங்குவது தெரிந்தும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நாள் குறிக்கும் பெற்றோர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவதில்தான் உரசல். படிப்பு, வேலை, சேமிப்பு, சில காலம் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பது, எல்லாம் தேறினால் திருமணம் என்பது இளையோர் பலரின் வரிசை. திருச்சபையோ வாழ்நாள் வாக்குறுதியை முதலில் வைக்கிறது. ‘கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்’ என்பது மத்தேயு 19:6. ‘ஒத்துவராவிட்டால் பிரிந்துகொள்வோம்’ என்று எதிர்கால நிபந்தனை வைத்தால், 1102ஆம் எண்ணின்படி அது திருமணமே ஆகாது. ஆனால் பயம் வேறு, நிபந்தனை வேறு. பெற்றோரின் மணமுறிவைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அது சம்மதத்தைக் கெடுத்துவிடாது. திருமணத்துக்கு முந்தைய விசாரணையில் பங்குத்தந்தையிடம் அதைச் சொல்லிவிடுவதே நல்லது. அந்த விசாரணையைச் சடங்காக நினைத்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடுவதால்தான் கடன், யார் வேலையை விடுவது, பெற்றோரை யார் பார்ப்பது என்பவை மணமான பிறகு வெடிக்கின்றன.

அடித்தாலும் பொறுத்துக்கொண்டு வாழச் சொல்கிறது திருச்சபை என்று பல இளையோர் நம்புகிறார்கள். இது தவறு. துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆன்மாவிலோ கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ 1153ஆம் எண் இடம் தருகிறது. உடனே ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுமணத்துக்கு மட்டும் அது வழிவிடாது.

மூன்றாவது கேள்வி, முடிந்தவரை பிள்ளை பெறச் சொல்வதல்ல. தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாள்களைக் கணித்து இடைவெளி விட திருத்தந்தை ஆறாம் பவுலின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடலே இடம் தருகிறது. குழந்தையே வேண்டாம் என்று ஒருவர் தீர்மானித்திருந்தால் நாள் குறிக்கும் முன்பே மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தத் தீர்மானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பீடத்தின் முன் ‘ஆம்’ என்றால், 1101ஆம் எண்ணின்படி அந்தத் திருமணம் செல்லாது.