நொட்டை சொல்லும் நாக்குக்கு ஒரு டிபன் பெட்டி: சோறு குறைந்தும் வயிறு நிறையும் அலுவலக மதிய உணவு

[காட்சி: சமையலறைத் தராசின் மேல் எவர்சில்வர் டிபன் பெட்டி]

இந்தப் பெட்டியில், என் தம்பி கிண்டியில் உள்ள தன் அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாக எடுத்துச் சென்ற மதிய உணவை அப்படியே வைத்திருக்கிறேன். சாம்பார் ஊற்றுவதற்கு முன் நிறுத்துப் பார்த்தபோது வெந்த சோறு மட்டும் 300 கிராம் இருந்தது. ஓரத்தில் இரண்டு கரண்டி கோஸ் பொரியல். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு என்பதால், இந்த ஒரு வேளையிலேயே 84 கிராம் சேர்ந்துவிடுகிறது. அவன் வழக்கத்துக்கு மாறாக உண்கிறான் என்று சொல்ல முடியாது. இந்தியர்களின் அன்றாட உணவு ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்–இண்டியாப் 2025-இல் தெரிவித்தது.

இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதும் மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். நாங்கள் உடனே வெள்ளரிக்காய் சாலட், முளைகட்டிய பயறு, வேகவைத்த ப்ரோக்கோலி என்று ஆரம்பித்தோம். மூன்றுமே மாலையில் பெட்டியோடு வீடு திரும்பின. குழைந்த காய், தண்ணீர் கோத்த உணவு, பழகாத வாசனை ஆகிய மூன்றும் அவனுக்கு ஆகாது. கத்திரிக்காய், பீர்க்கங்காய், காளான் ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பான். முட்டை, கோழி, பன்னீர், கோஸ், பீன்ஸ், மொறுமொறுவென்று வதக்கிய வெண்டைக்காய், இவை மட்டும் தடையில்லாமல் உள்ளே போகும். இப்படிப்பட்ட ஒருவருக்குப் பெட்டி கட்டுவதைப் பற்றித்தான் இந்த வீடியோ பேசுகிறது.

[காட்சி: மூன்று தட்டுகள்: சப்பாத்தி, கேழ்வரகுக் களி, கொண்டைக்கடலைச் சுண்டல்]

முதலில் பலரும் ஏமாறுகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி என்பது நம் வீடுகளில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்று. ஆனால் நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் 15 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து இருக்கிறது, மூன்று சாப்பிட்டால் 45 கிராமைத் தாண்டும். கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்தும் கனிமங்களும் கூடுதல் என்பது உண்மைதான், என்றாலும் அவற்றின் மாவில் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்தே. கொண்டைக்கடலைச் சுண்டல் நல்ல உணவு. வெந்த கடலை 100 கிராமில் 27 கிராம் மாவுச்சத்து என்பதால் அதைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்கலாமே தவிர, பெட்டியை நிரப்பப் பயன்படுத்த முடியாது. வேர்க்கடலையின் கணக்கு வேறு: ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் அளவில், 3 கிராம் மாவுச்சத்தும் 5 கிராம் புரதமும் கிடைக்கின்றன.

எவ்வளவு குறைத்தால் போதும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே இருப்பதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதைக் கொண்டு மதிய வேளைக்கு 40 கிராம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். பேலியோ என்ற பெயரில் சோற்றை ஒரு பருக்கைகூட இல்லாமல் விலக்கியவர்களை எல்லோரும் பார்த்திருப்போம், ஆனால் உணவில் பிடிவாதம் உள்ளவரிடம் அது நிலைக்காது என்பதே என் கருத்து. நீரிழிவுக்காக இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும், மருத்துவரிடம் பேசாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்ப இருப்பதால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பும் கேட்க வேண்டும்.

[காட்சி: இரும்புக் கடாயில் தாளிப்பு]

இனி சமையலுக்கு வருவோம். நம் சமையலில் சோற்றுக்கென்று தனிச் சுவை பெரிதாக இல்லை; நாக்கு தேடுவது அதன் மேல் ஏறும் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, புளி, எலுமிச்சை ஆகியவற்றைத்தான். ஆகவே தாளிப்பில் கை வைக்காமல், அதைச் சுமந்து வரும் பண்டத்தை மட்டும் பாதிக்கு மேல் மாற்றினால், சாப்பிடுபவர் தான் பழகிய எலுமிச்சை சாதத்தையே சாப்பிடுவதாக உணர்வார். நாங்கள் 75 கிராம் சோறும் 150 கிராம் காலிஃபிளவரும் கலக்கிறோம். சோற்றில் 21 கிராம், பூவில் ஏழெட்டு கிராம் எனக் கூட்டினால் மொத்தம் 30 கிராமைத் தாண்டுவதில்லை, அளவோ கிண்ணம் நிறைய இருக்கிறது.

காலிஃபிளவர் சரியாக வருவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பூவைத் துருவியோ மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று ஓட்டியோ ரவை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்று கூடினால் சட்னியாகிவிடும். பிறகு மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, அகன்ற கடாயில் எண்ணெய் காய்ந்து தாளித்த பின், மூடி போடாமல் நான்கைந்து நிமிடம் மட்டும் வதக்க வேண்டும். அதிக நேரம் வெந்தால் காலிஃபிளவரில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெளிப்பட்டு, பெட்டியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் வாசனை வந்துவிடும். உப்பு நீரை இழுக்கும் என்பதால் அதைக் கடைசியில் போடுவதும், எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிவதும் முக்கியம்.

வயிறு நிறைவதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு முட்டையில் 12 கிராம், 75 கிராம் பன்னீரில் 13 கிராம் புரதம் உண்டு. இவற்றோடு வேர்க்கடலையும் ஒரு சிறு கிண்ணம் தயிரும் சேர்ந்தால், முழுப் பெட்டியில் மாவுச்சத்து 40 கிராமை ஒட்டியும் புரதம் 35 கிராமுக்கு மேலும் அமைகிறது. நார்ச்சத்தும் எண்ணெயும் உணவு இரைப்பையை விட்டு நகரும் வேகத்தைக் குறைப்பதால், எண்ணெயே இல்லாமல் சமைத்துக் கட்டுவது இங்கே உதவாது. என் தம்பிக்கு நாலு மணிப் பசி நின்றது முட்டையைக் கூட்டியபோது அல்ல, கோஸ் பொரியலை இரண்டு கரண்டியிலிருந்து ஐந்து கரண்டியாக்கி அதில் தேங்காய்த் துருவலைத் தாராளமாகப் போட்டபோதுதான்.

[காட்சி: திறந்த பெட்டியின் மூடியில் நீர்த்துளிகள்]

பெட்டி திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சமையல் காரணமல்ல. காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில் பெட்டிக்குள் நடப்பதே காரணம். சூடாக மூடிய உணவின் ஆவி மூடியில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாக உணவின் மேலேயே விழுகிறது. காலையில் மொறுமொறுப்பாக இருந்த வெண்டைக்காய் மதியம் கொழகொழத்துப்போகிறது. கட்டுச்சோறு கட்டிய நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும்: புளியோதரையில் புளிப்பும் எண்ணெயும் தூக்கலாக இருப்பதும், சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே கிளறுவதும் சும்மா வந்த வழக்கங்கள் அல்ல. நாங்களும் வதக்கியவற்றைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விசிறிக்கடியில் வைத்த பிறகுதான் பெட்டியில் போடுகிறோம். குழம்பு எதுவானாலும் திருகு மூடி போட்ட தனிக் கிண்ணத்தில் போகும்; சாப்பிடும் நேரத்தில் ஊற்றிக்கொள்வது அவன் பொறுப்பு.

ஆனால் ஆறிய உணவை ஐந்து மணி நேரம் பையிலேயே வைத்திருக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சென்னை வெயிலில் முட்டைக்கும் கோழிக்கும் பன்னீருக்கும் இது இன்னும் பொருந்தும். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால், போனவுடன் பெட்டியை அதில் வைத்து மதியம் சூடாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் காலிஃபிளவரை மறந்துவிட்டு, அகன்ற வாய் கொண்ட ஃபிளாஸ்கில் கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிய பிறகு, கொதிக்கக் கொதிக்கக் கோழிக் குழம்பையும் பீன்ஸையும் நிரப்புங்கள். உள்ளே 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு மதியம் வரை நிற்க வேண்டும்.

அவித்த முட்டையைப் பத்து நிமிடத்தில் இறக்கிக் குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். அதிகமாக வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும், நாற்றமும் அதோடு வரும். பன்னீர் ரப்பர் போல ஆவதாகப் புகார் வந்தால், வறுத்தெடுத்த துண்டுகளை உப்புப் போட்ட வெந்நீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் மென்மை திரும்பும்.

[காட்சி: விரல் நீளச் சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி காளான் மிளகு வறுவல்]

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். காளானைப் பொடியாக நறுக்கி முட்டைப் பொடிமாஸில் மறைத்து அனுப்பினேன். அன்று மாலை தம்பி, “அக்கா, முட்டைல என்ன போட்ட?” என்று மட்டும் கேட்டான், அதற்குப் பிறகு இரண்டு வாரம் பொடிமாஸையே தொடவில்லை. எஞ்சியிருந்த ஆறு உணவுகளில் ஒன்றை என் சாமர்த்தியத்தால் இழந்தோம். இப்போது புதிதாக எது வந்தாலும், பழகிய உணவோடு ஒட்டாமல், ஒரே ஒரு கரண்டி தனிக் கிண்ணத்தில் பெயர் சொல்லிப் போகிறது. சாப்பிடாமல் திரும்பினால் நான் எதுவும் கேட்பதில்லை, அடுத்த வாரம் அதே அளவு மீண்டும் போகும். பூசணிக்காய் இப்படி நான்கு முறை திரும்பி வந்தது. ஐந்தாம் முறை கிண்ணம் காலியாக இருந்தது, அவனே தின்றானா, பக்கத்து மேசைக்குப் போனதா என்று நான் விசாரிக்கவில்லை.

எந்தப் புது உணவையும் வேலை நாளில் முதன்முதலாகக் கட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமைத்து, அலுவலகத்துக்குப் போவது போலவே பெட்டியில் மூடி, ஒன்பதரைக்கு ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு மணிக்கு எடுத்துச் சூடாக்கி, சமைத்தவரே முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெண்டைக்காய் எங்கள் பெட்டியிலிருந்து வெளியேறியது அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான். இரண்டாவது வாயிலேயே தம்பி ஏன் மீதம் வைத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.