ஒரு ஸ்டேப்ளரும் பத்து மணித்தியாலமும்

(கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன், சில இடங்களில் அன்று சொல்ல மறந்ததைச் சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் பெயர் பதிகிற மேசையில் இருந்து இதைக் கேட்டு வாங்கி வந்தேன். தங்கச்சி பயப்பட வேண்டாம், போகும்போது திருப்பித் தந்துவிடுவேன். ஸ்டேப்ளர். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? தெரியாது, ஏனென்றால் முழுதும் என் கைக்குள் அடங்கிவிட்டது. இப்படி ஒன்றைக் கையில் வைத்திருந்த ஒரு மனிதனைப் பார்த்து உயிருக்குப் பயந்துபோனோம் என்று நான்கு பொலிஸ்காரர் சொன்ன கதைதான் இன்றைக்கு.

2007 ஒக்டோபரில் வன்கூவர் விமான நிலையத்தில் நடந்தது. வயதில் மூத்தவர்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருக்கும், தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறகு வந்தவர்களுக்கும் இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் பெயர்கூடத் தெரியாது, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

ராபர்ட் ஜெகான்ஸ்கி. போலந்தின் கிளிவிட்சே நகரத்துக்காரர், வயது 40. அம்மா ஸோஃபியா ஏற்கனவே கனடாவில், வன்கூவரில் இருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தள்ளியுள்ள கம்லூப்ஸில் இருந்தார். அம்மாவோடு நிரந்தரமாக இருக்க மகன் வருகிறார். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம், ஃபிராங்ஃபர்ட்டில் மாறி ஏறி, நெடுநேரம் பறந்து வருகிறார். போலிஷ் மொழி மட்டும்தான் தெரியும். இந்த மண்டபத்தில் எத்தனை பேருடைய கதை இது என்று கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள்.

புறப்படும்போது அம்மா சொன்னது ஒரே ஒரு விஷயம்: பெட்டி வருகிற இடத்தில் நில், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்குத் தெரியாதது என்னவென்றால், வெளிநாட்டு விமானத்தில் வருகிறவர்களின் பெட்டி வருகிற இடம் சுங்கப் பகுதிக்கு உள்ளே இருக்கிறது, வெளியில் இருந்து யாரும் அங்கே போக முடியாது. மகன் சொல் தட்டாத பிள்ளை. நின்றார்.

ஒக்டோபர் 13 பிற்பகல் மூன்றேகால் போல விமானம் வந்திறங்கியது. இரவு பத்தேமுக்கால் வரைக்கும் அந்த மனிதர் அந்த மண்டபத்துக்குள்ளேயே இருந்திருக்கிறார். ஏழரை மணித்தியாலம்! எத்தனை அதிகாரிகள், எத்தனை கமெராக்கள், எத்தனை துப்புரவுத் தொழிலாளர்கள் அவரைக் கடந்து போயிருப்பார்கள். நீ யார், யாருக்காக நிற்கிறாய் என்று அவருக்கு விளங்கும் மொழியில் கேட்க ஒருவர் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மணிக்கணக்காக ஆட்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார், என் மகன் வந்தானா, வந்தானா என்று. அப்படி ஒருவர் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் விமானத்தைத் தவறவிட்டுவிட்டான் போல என்று நினைத்து, இரவு பத்து மணியளவில் கம்லூப்ஸுக்குத் திரும்பிப் புறப்பட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று மாமா நில் என்று சொன்ன கதவு ஒன்று, நான் நின்ற கதவு வேறொன்று, நாற்பது நிமிடம்தான், அதற்குள் எனக்கு வாய் வறண்டு கால் நடுங்கி, திரும்பிப் போகிற விமானம் எப்போது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். நாற்பது நிமிடத்துக்கே இப்படியென்றால், இறங்கியதில் இருந்து பொலிஸ் வந்து சேரும்வரை அவருக்குப் போன பத்து மணித்தியாலம் என்பது ஒரு மனிதனை என்ன செய்யும்?

சரி. பத்தேமுக்காலுக்கு அந்த மண்டபத்தை விட்டு நகர்ந்தவருக்குக் குடிவரவு அலுவல்கள் நள்ளிரவு கழிந்துதான் முடிந்தன. வெளியே வந்து பார்த்தால் அம்மா இல்லை. மனிதர் நிலைகுலைந்து போகிறார். வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, அங்கும் இங்கும் நடக்கிறார், கண்ணாடிக் கதவு மூடாமல் இருக்கக் கதிரையை வைத்து அடைக்கிறார், ஒரு கணினியைத் தூக்கி எறிகிறார், ஒரு சின்ன மேசையையும். இதை நான் மறைக்கவில்லை, மறைக்கவும் தேவையில்லை. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணி கிட்டப் போய்க் கையால் சைகை காட்டி மெதுவாகக் கதைத்தபோது அவர் கொஞ்சம் அடங்கியதும் அதே வீடியோவில் இருக்கிறது. அந்தப் பெண்மணிக்குப் போலிஷ் தெரியாது, பயிற்சியும் கிடையாது.

அதிகாலை ஒன்றரை மணியளவில் கனடாவின் மத்திய பொலிஸ்படையான ஆர்.சி.எம்.பி. பொலிஸார் நான்கு பேர் வந்தார்கள், ஒரு மேலதிகாரியும் மூன்று கொன்ஸ்டபிள்களும். அவர் பின்வாங்கிப் போய் அங்கிருந்த மேசையில் இருந்து ஸ்டேப்ளரை எடுத்தார். வந்து சேர்ந்து ஏறக்குறைய 25 விநாடி, டேசர் என்கிற மின்துப்பாக்கியால் சுட்டார்கள். விழுந்தார். விழுந்தவர் மேலேயும் மறுபடி மறுபடி, மொத்தம் ஐந்து தடவை. நான்கு பேருமாக ஏறி அமுக்கி விலங்கு போட்டார்கள். மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவருக்கு உதவ வந்த தீயணைப்புப் படையினர் விலங்கைக் கழற்றுங்கள் என்று கேட்டும் கழற்றவில்லை என்று பிறகு சாட்சி சொன்னார்கள். அங்கேயே உயிர் போனது.

மறுநாள் பொலிஸ் சொன்னது வேறு கதை. மூன்று பேர்தான் போனார்கள், மூர்க்கமாக நின்ற ஆளை மல்லுக்கட்டித்தான் கீழே தள்ள வேண்டியிருந்தது, பொல்லு பாவிக்கவில்லை. செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை. நான்கு பேரின் குறிப்புப் புத்தகங்களும் ஒத்துப்போகின்றன. நம்புவதற்கு ஆட்களும் இருந்தார்கள், அப்போது நானும் செய்தியை வாசித்துவிட்டு, ஏதோ குடித்துவிட்டுக் கலாட்டா செய்திருப்பான் என்று பக்கத்தைப் புரட்டியவன்தான். குடியும் இல்லை, போதைப்பொருளும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது.

இடைஞ்சலாக வந்தது ஒரு பொடியன். பால் பிரிட்சர்ட், வயது 25, சீனாவில் இருந்து வீடு திரும்பும் வழியில் அன்றிரவு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர், கையில் இருந்த சின்னக் கமெராவில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். நல்ல பிள்ளையாகக் கமெராவைப் பொலிஸிடம் கொடுத்தார், 48 மணித்தியாலத்தில் வீடியோவைத் திருப்பித் தருவோம் என்றார்கள். பிறகு தர மாட்டோம் என்றார்கள். சட்டத்தரணி வைத்து நீதிமன்றத்துக்குப் போவதாக நின்ற பிறகுதான் அது கைக்கு வந்தது. நவம்பர் 14, ஊரெல்லாம் பார்த்தது. எண்ணத் தெரிந்த குழந்தைகூட எண்ணலாம், அதில் நான்கு பேர். மல்லுக்கட்டி ஒருவரும் விழுத்தவில்லை, மின்சாரம் பாய்ந்துதான் விழுகிறார்.

வீடியோ வந்துவிட்டது, நீதி வந்துவிடும் என்று நினைப்பீர்கள். 2008 டிசம்பரில் அரச வழக்குத் தரப்பு சொன்ன முடிவு: பாவித்த பலம் நியாயமானது, குற்றச்சாட்டு இல்லை. அதாவது உலகம் பார்த்த அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இப்படி!

வன்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் தோமஸ் பிரைட்வுட் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அங்கே நான்கு பேரையும் கூண்டில் ஏற்றி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் போட்டு, எந்த இடத்தில் ஐயா உங்களுக்குப் பயம் வந்தது, காட்டுங்கள் என்று சட்டத்தரணிகள் குடைந்தார்கள். 2010 ஜூனில் வந்த இறுதி அறிக்கைக்கு பிரைட்வுட் வைத்த தலைப்பின் முதல் சொல் ‘ஏன்?’ என்பதுதான். டேசர் பாவித்ததற்கு நியாயம் கிடையாது, ஸ்டேப்ளரால் ஆபத்து என்று நான்கு பேரும் சொன்ன விளக்கம் நம்பத்தக்கதல்ல என்று எழுதினார். அதற்கு முந்தைய அறிக்கையில் டேசர் இதயத்தின் துடிப்பைக் குழப்பி உயிரையும் எடுக்கலாம் என்று சொன்னதற்காக, அதைச் செய்கிற நிறுவனம் அவர் மேலேயே நீதிமன்றம் போய்த் தோற்றது. ஆர்.சி.எம்.பி. 2010 ஏப்ரலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது, இழப்பீடும் கொடுத்தது. பொலிஸைப் பொலிஸே விசாரிக்கிற வழக்கத்தை விடுங்கள் என்ற பரிந்துரையால் 2012இல் அந்த மாகாணத்தில் தனிப் புலனாய்வு அலுவலகம் திறந்தார்கள், அதன் தலைவர் ஒருநாளும் பொலிஸ் வேலை பார்த்தவராக இருக்கக்கூடாது என்பது சட்டம். இது சின்ன விஷயம் இல்லை, ஊரில் இருந்து வந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு பேர் மேலும் கடைசியில் வழக்கு வந்தது, விசாரணைக் குழுவின் முன் பொய்ச்சத்தியம் செய்ததற்காக. இரண்டு பேர் விடுதலை. டேசரின் விசையை அழுத்தியவருக்கு 30 மாதம் சிறை, மேலதிகாரிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருநாள் குறைவு, 2017இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2013இல் மரண விசாரணை அதிகாரி இதை இன்னொருவரின் செயலால் நேர்ந்த மரணம் என்றுதான் பதிந்தார். இருந்தும் அந்த மரணத்துக்காக ஒருவர் மேலும் வழக்கில்லை. மனிதன் செத்ததற்குத் தண்டனை இல்லை, செத்த விதத்தைப் பற்றிப் பொய் சொன்னதற்குத் தண்டனை. ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதைவிட, பத்து மணித்தியாலம் அவரைக் கண்டும் காணாமல் விட்டவர்கள் ஒருவர்கூட எந்தக் கூண்டிலும் குற்றவாளியாக ஏறவில்லை, அந்த அலட்சியத்துக்கு எந்தச் சட்டப்பிரிவும் கிடையாது, வீடியோவும் கிடையாது.

பேசி முடித்த பிறகு கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழுந்து, தன் மனைவியின் தங்கை அடுத்த மாதம் முதல்முறையாக வருகிறாராம், பெட்டி வருகிற இடத்துக்குத் தான் உள்ளே போய்க் கூட்டி வரலாமோ என்று கேட்டார். ஏலாது ஐயா என்றேன். பெட்டியை எடுத்தவுடன் நிற்காமல் எல்லோரும் போகிற கதவால் வெளியே நடந்து வரச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே காணவில்லை என்றால் இல்லை என்று யார் சொன்னாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கி, கூட்ட அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.