போர்ஷேயை இழுத்துக்கிட்டே போர்ஷேயை முந்தின சைபர்டிரக்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணக்கம் மக்களே. இன்னிக்கு வண்டி ரிவ்யூ கிடையாது, வெள்ளைப் பலகையும் மார்க்கரும்தான். அந்தப் பழைய க்ளிப் திரும்பவும் சுத்த ஆரம்பிச்சிருக்கு. டெஸ்லாவோட எலெக்ட்ரிக் பிக்கப் சைபர்டிரக், ஒரு போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரை டிரெய்லர்ல ஏத்தி இழுத்துக்கிட்டே பக்கத்துல ஓடுற இன்னொரு 911-ஐ முந்துதே, அதுதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வருது.

2023 நவம்பர் 30, சைபர்டிரக் டெலிவரி விழாவுல போட்ட வீடியோ அது. மேடையில மஸ்க் சொன்னது கால் மைல். வீடியோவுல ஓடினது அரைக்கால் மைல், சுமார் 200 மீட்டர். பாதி தூரம் தானேன்னு விட்டுடாதீங்க, வித்தியாசமே அங்கதான் இருக்கு. சைபர்டிரக்லயே பவர் அதிகமான மாடல் சைபர்பீஸ்ட், 845 ஹெச்பி, கிலோவாட்ல 630. வண்டி 3,100 கிலோ, மேல ஏத்தின கார் 1,500 போல, டிரெய்லர் ஒரு டன்னுக்குப் பக்கம்னு வெச்சுக்கோங்க. மொத்தம் ஐந்தரை டன்னுக்கு மேல, கிலோவுக்கு 112 வாட் போல வருது. அந்த நேரத்து சாதாரண 911 காரேரா 379 ஹெச்பி, டிரைவரோட 1,580 கிலோ போல. கிலோவுக்கு 180 வாட் போல. வேகம் ஏற ஏற 911 கைதான் ஓங்கும்.

அப்புறம் எப்படி முந்துச்சு? கிளம்புற இடத்துல. நின்ன நிலையிலேயே மோட்டார் முழு டார்க் (சக்கரத்தைத் திருப்புற விசை) கொடுக்குது, நாலு சக்கரமும் தள்ளுது, கியர் மாத்துற வேலையே இல்லை. டிரெய்லரோட டங் வெயிட், அதாவது அதோட முன்நாக்கு வண்டி மேல அழுத்துற எடை, பின் ஆக்ஸில்ல இறங்குறதால அங்க பிடிமானமும் கூடுது. முதல் சில விநாடியில கிடைச்ச அந்த லீடை வெச்சு 200 மீட்டர் வரைக்கும் தாக்குப் பிடிக்கலாம். 400 மீட்டர் விட்டா கதை வேற.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். சைபர்பீஸ்டுக்கு 0-60 மைல் 2.6 விநாடின்னு போடுறாங்க இல்ல, அது முதல் ஒரு அடி உருளுற நேரத்தைக் கழிச்ச கணக்கு. ரோல்-அவுட்னு சொல்வாங்க, அமெரிக்காவுல பல பேர் அப்படித்தான் அளக்குறாங்க. அதுல கால் விநாடி போல குறையும். ரெண்டு வண்டியை ஒப்பிடும்போது ரெண்டும் ஒரே மாதிரி அளந்ததான்னு பாருங்க.

சரி, 2019-ல வந்த கயிறு இழுக்கிற வீடியோ. சைபர்டிரக், ஃபோர்டோட எஃப்-150 பிக்கப்பை மேட்டுல பின்னாடி இழுத்துட்டுப் போகும். அதுல இன்ஜின் பவருக்கு வேலையே இல்லை. டயர் எவ்வளவு விசையை ரோட்டுல இறக்க முடியும்னு மட்டும்தான் அது காட்டும். இன்னிக்கு விக்கிற சைபர்பீஸ்ட் எடையையே எடுத்துக்குவோம். உராய்வு 0.8-னா, நாலு சக்கரமும் சேர்ந்து சுமார் 2,480 கிலோ விசை. எதிர்ல காலி பெட்டோட (பின்னாடி சரக்கு ஏத்துற தொட்டி), பின்சக்கரம் மட்டும் சுத்துற ஒரு பெட்ரோல் பிக்கப் நின்னா, அதோட பின் ஆக்ஸில்ல இருக்கிறது 900 கிலோ போல. அது 720 கிலோ விசைக்கு மேல இழுக்கவே முடியாது, சக்கரம் சும்மா சுத்தும். உள்ள எந்த இன்ஜின் இருந்தாலும் இதே கதைதான்.

டெஸ்லாவை மட்டும் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. அதே 2019 ஜூலையில ஃபோர்டு என்ன பண்ணுச்சு? எலெக்ட்ரிக் எஃப்-150 சோதனை வண்டி ஒண்ணை வெச்சு, 42 பிக்கப் ஏத்தின டபுள் டெக்கர் ரயில் பெட்டிகளை இழுத்துக் காட்டுச்சு. 12.5 லட்சம் பவுண்டு, 567 டன். கேட்க பயங்கரமா இருக்கும். தண்டவாளத்துல இரும்புச் சக்கரத்தோட உருள் தடை எடையில ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டு பங்குதான். ஒன்றரை பங்குன்னு வெச்சா 850 கிலோ விசை. நகர ஆரம்பிக்கிற நேரத்துல இன்னும் கொஞ்சம் கூட வேணும். அப்பவும் நாலு சக்கர டிரைவ் உள்ள பெட்ரோல் பிக்கப்போட டயர் பிடிமானமே அதைத் தாண்டும்.

இப்ப உண்மையிலேயே இழுக்கிறவங்களுக்கு. சைபர்டிரக் 11,000 பவுண்டு இழுக்கும். ஃபோர்டோட எலெக்ட்ரிக் எஃப்-150 லைட்னிங் 10,000. ரெண்டும் நிஜம்தான், இழுவையில எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் பேட்டரியில. மணிக்கு 105 கிலோமீட்டர்ல போகும்போது வண்டி மட்டும்னா காற்றுத் தடை 555 நியூட்டன், டயர் தடை 290 போல. இழப்பையும் சேர்த்தா கிலோமீட்டருக்கு 0.27 யூனிட். 123 யூனிட் பேட்டரியில 450 கிலோமீட்டர் தாண்டும். பின்னாடி 3 டன் கேம்பர், அதாவது தங்கிப் போற வீடு மாதிரி டிரெய்லர் மாட்டுங்க. டயர் தடை ரெட்டிப்பாகி 590 ஆகும், காற்றுத் தடை 1,300-ஐத் தொடும். கிலோமீட்டருக்கு 0.6 யூனிட், 205 கிலோமீட்டர்ல காலி. கூடின தடையில பெரும்பங்கு எடையால வரலை, அந்தக் கேம்பரோட உயரமான நெத்தியால வருது. அதே 3 டன்னுக்குத் தாழ்வான ஃப்ளாட்பெட்ல ஜல்லி ஏத்தினா இவ்வளவு அடி விழாது. வேகத்தை 90-க்குக் குறைச்சீங்கன்னா காற்றுத் தடை கால் பங்குக்கு மேல விழும்.

இங்கதான் டெஸ்லா அறிவிச்ச ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வருது. பெட்ல மூணுல ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கிற கூடுதல் பேட்டரி, 16,000 டாலர். திரும்பச் சொல்றேன், பதினாறாயிரம் டாலர். ஒரு சார்ஜ்ல போற தூரம் 340 மைல்ல இருந்து 470 ஆகும்னாங்க. கூடுறது 130 மைல். கேம்பர் மாட்டினா அது 60 மைலுக்குள்ள சுருங்கிடும். மைலுக்கு 270 டாலர் ஆகுது! அந்தப் பெட்டிக்கே தனி எடை, அது பேலோட்ல (வண்டி சுமக்கக்கூடிய எடை) கழியும், சாமான் வைக்க இடமும் போச்சு. 2025 மே மாசம் அதையும் கைவிட்டுட்டாங்க. முன்பணம் 2,000 டாலர் கட்டினவங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க.

அதைவிடப் பெரிய தலைவலி சார்ஜர். பெரும்பாலான ஃபாஸ்ட் சார்ஜர் ஸ்லாட்டுல மூக்கையோ வாலையோ நுழைச்சு நிறுத்தணும், டிரெய்லரோட நுழைய முடியாது. கழட்டித்தான் ஆகணும், ஒவ்வொரு நிறுத்தத்துலயும். வரிசையை மாத்தாதீங்க. முதல்ல டிரெய்லர் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுங்க, அதுக்கு முன்னாடி எதையும் தொடாதீங்க. 7 பின் ப்ளக் (டிரெய்லர் லைட்டுக்கான வயர்), பிரேக்அவே கேபிள் (டிரெய்லர் தனியா கழண்டா அதோட பிரேக்கைப் போடுறது), செயின், எல்லாம் எடுத்துட்டு கப்ளர் (டிரெய்லரை வண்டியோட உருண்டைக் கொக்கியில, அதாவது பால்ல, பூட்டுற பாகம்) பூட்டைத் திறந்து ஜாக்கை இறக்கி, பால்ல இருந்து மேல ஏத்துங்க. சரிவான இடத்துல கட்டை இல்லாம கப்ளர் விடுபட்டா டிரெய்லர் உருண்டுடும். திரும்ப மாட்டும்போது பூட்டினதும் ஜாக்கால நாக்கைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. வண்டியோட பின்பக்கமும் சேர்ந்து எழும்பினா பூட்டு சரி. டங் வெயிட் டிரெய்லர் எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். குறைஞ்சா ஹைவேல டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும்.

அடுத்தது சேஃப்டி. சைபர்டிரக்குக்கு அமெரிக்க அரசோட ரோடு சேஃப்டி அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 5 ஸ்டார் கொடுத்திருக்கு, அது உண்மை. ஆனா முன்மோதல் டெஸ்ட் அசையாத சுவர்ல. அந்த ஸ்டாரை 250 பவுண்டு வித்தியாசத்துக்குள்ள இருக்கிற வண்டியோட மட்டும்தான் ஒப்பிடணும்னு அவங்களே சொல்றாங்க. 3,100 கிலோவும் 1,500 கிலோவும் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல நேருக்கு நேர் மோதினா, பெரிய வண்டியோட வேகம் 33 மாறும், சின்ன வண்டிக்கு 67. அந்தச் சின்ன வண்டிக்குள்ள இருக்கிற குடும்பத்தைப் பத்தி அந்த 5 ஸ்டார் எதுவும் சொல்லாது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல ரிவியன் ஆர்1டிங்கிற எலெக்ட்ரிக் பிக்கப்பை மணிக்கு 60 மைல்ல கார்டுரெயில்ல (ரோட்டோரத் தடுப்புக் கம்பி) விட்டாங்க. கம்பியைக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. அந்த ரெயிலைச் சோதிக்கிற பிக்கப்போட எடை 2,270 கிலோதான். ரிவியன் 7,000 பவுண்டுக்கு மேல, அதாவது 40 சதவீதம் கூடுதல் ஆற்றல். இதைப் பத்தி யாரும் ரீல்ஸ் போடுறதில்லை, எனக்கு அதுதான் ரொம்பக் கவலை.

எலெக்ட்ரிக் பிக்கப்ல நீங்க இழுக்கிறவங்கன்னா, டிரெய்லரோட அகலம், உயரம், போன வேகம், காற்றடிச்ச திசை, கிலோமீட்டருக்கு ஆன யூனிட், இவ்வளவையும் கீழ எழுதுங்க. எடை மட்டும் போடாதீங்க, அதை வெச்சு கணக்குப் போட முடியாது. அடுத்த வீடியோவுல கேம்பரையும் ஃப்ளாட்பெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.