தொண்ணூறு வயதில் தசைக்கு வலு ஏறுமா?

‘அம்மாவுக்கு 91 வயது. சத்துமாவு, முட்டை, புரதப் பொடி எல்லாம் கொடுக்கிறோம். ஆனாலும் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியவில்லை. இன்னும் என்ன கொடுக்கலாம்?’ என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி சில நாட்களாக மனத்தை விட்டு அகலவில்லை.

சகோதரி, அம்மாவுக்குச் சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டீர்கள். அவருடைய கால்களுக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்?

1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் மரியா ஃபியாடரோனும் குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. பெயருக்குக் கையை ஆட்டும் பயிற்சி அல்ல. ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதம் வரை, அருகிலேயே ஆள் நின்று கவனிக்க. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்! தொடைத் தசையின் அளவோ ஏறத்தாழ 9 சதவீதம்தான் வளர்ந்தது. தூங்கிக்கிடந்த தசை நார்களை நரம்புகள் மீண்டும் வேலைக்கு அழைத்ததே பெரும்பங்கு.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 1994இல் அதே குழு நூறு பேரிடம் செய்த ஆய்வில் இருக்கிறது. பயிற்சி செய்தவர்களுக்கு வலு கூடியது. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. புரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைக்காத தசையை அதனால் மட்டும் எழுப்ப முடியாது.

திருச்சியில் என் பெரியம்மா காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் போன பிறகும் பிள்ளைகள் பாசத்தினால் அவரை எழவே விடவில்லை. தண்ணீர்ச் செம்புகூடக் கைக்கு வந்துவிடும். பிறகு வந்த இயன்முறை மருத்துவர், நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அந்த உயரத்திலிருந்து எழச் சொன்னார். பழகியதும் ஒன்றை எடுத்தார், பிறகு மற்றதையும்.

நீங்களும் அப்படியே தொடங்கலாம். முதலில் மருத்துவரிடம் இதயம், ரத்த அழுத்தம், வைட்டமின் டி, மூட்டுவலி, தலைசுற்ற வைக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பாருங்கள். மனச்சோர்வையும் விட்டுவிடாதீர்கள், எழ மனமில்லாதவரை எழ முடியாதவர் என்று நினைத்துவிடுகிறோம். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அவரே எழட்டும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வலு இறங்கத் தொடங்கிவிடும், அதனால் விடாமல் செய்யுங்கள். எத்தனை தலையணையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.