சித்திரை வெயிலில் தண்டுக்கீரை: விதை முதல் மண்டி வரை

[காட்சி: காரைக்குடி வீடொன்றின் பின்கட்டு. உச்சி வெயில். சுவரோரம் செம்மண் பாத்தி.]

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் தோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான்: "இந்த வெயிலில் என்ன முளைக்கும்? மழை விழட்டும், பார்க்கலாம்." கீரை விஷயத்தில் இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மழைக்காலத்தைவிடக் கோடையில் நன்றாக வருகிற கீரை நம்மிடம் இருக்கிறது. தண்டுக்கீரை. அதை விதையிலிருந்து வளர்த்து, நம் ஊர் மண்டியாக, அதாவது அரிசி களைந்த தண்ணீரில் கொதிக்கவிடும் குழம்பாக, வைப்பது வரை இன்று பார்க்கலாம்.

இதற்கு மட்டும் வெயில் ஏன் ஒத்துக்கொள்கிறது?

செடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் சத்தாக மாற்றுகின்றன. சூடு ஏறினால் பெரும்பாலான செடிகளுக்கு அங்கே ஒரு தடுமாற்றம். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி, ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதைச் சரிசெய்யவே சேர்த்த சத்தில் ஒரு பகுதி வீணாகும். தண்டுக்கீரை வேறு வழியில் போகிறது. கரியமில வாயுவை முதலில் ஓர் அமிலமாகக் கட்டி, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கொண்டுபோய் அங்கே குவித்துக்கொள்கிறது. அந்த நெரிசலில் ஆக்சிஜனுக்கு இடம் குறைவு. தாவரவியலில் இதற்கு சி4 முறை என்று பெயர். சோளமும் கரும்பும் இதே முறைதான். அதனால்தான் நல்ல வெயிலில் இது மடமடவென்று வளர்கிறது. லெட்யூஸ் மாதிரி குளிர்ப்பிரதேச இலைகளை இங்கே சித்திரையில் போட்டால், இலை தேறுவதற்குள் பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும்.

மாசியில் தொடங்கி ஆவணி வரை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். ஐப்பசி அடைமழை சின்ன நாற்றுகளை அடித்துக்கொண்டு போய்விடும். கார்த்திகை, மார்கழியில் பகல் நேரம் குறைவதால் செடி சீக்கிரமே கதிர் தள்ளும். இலை கொஞ்சமாகத்தான் தேறும்.

[காட்சி: உள்ளங்கையில் விதை. பக்கத்தில் ஒரு கிண்ணம் மணல்.]

விதையைப் பாருங்கள், கருகருவென்று மின்னுகிறது. ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நாட்டு விதை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம் செம்மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் விட்டுக் காய்ந்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். இத்தனை சின்ன விதைக்கு அதைப் பிளந்துகொண்டு வரத் தெம்பு கிடையாது. ஆகவே பாத்தியை ஒரு சாண் ஆழம் கொத்தி, மக்கிய சாணி எருவை மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது கலந்துவிடுங்கள். பச்சைச் சாணி வேண்டாம். விதையோடு பத்து மடங்கு மணல் கலந்து, கைவீச்சில் தூவுங்கள். மணல் கலக்காமல் தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும். மேலே சலித்த எருவை விதை மறையும் அளவுக்கு மட்டும் தூவினால் போதும். அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாதீர்கள். பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

அப்புறம் எறும்பு. நம் ஊர் எறும்புகள் ஒரே இரவில் பாத்தியைக் காலி செய்துவிடும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குருணை தூவி வைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு போவதில் மும்முரமாகிவிடும். அதற்குள் நம் விதை முளைவிட்டிருக்கும்.

தென்னங்கீற்று ஒன்றை மேலே போட்டு வையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே கீற்றை எடுத்துவிட வேண்டும். நிழலில் விட்டால் நாற்று வெளுத்து, நெடுத்து, சாய்ந்துவிடும். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். ஒரு சாண் மண் போதும், ஆனால் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும்.

[காட்சி: நெருக்கமாக வளர்ந்த இளஞ்செடிகள். ஒரு கை சிலவற்றை வேரோடு பிடுங்குகிறது.]

இந்தக் கீரையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். ஒரே விதைப்பில் இரண்டு காய்கறி. இருபது, இருபத்தைந்து நாளில் நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கினால் அது இளங்கீரை. ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்திய செடிகளை நாற்பது, நாற்பத்தைந்து நாள் வரை விட்டால் தண்டு திரண்டுவிடும். அதற்கு மேல் விட்டால் நார் கட்டும்.

தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேருக்கு விடுங்கள். இலை நனைந்தே கிடந்தால் அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளம் வரும். வெள்ளைத் துரு நோய் அது. இலைகளை நூலால் பிணைத்து உள்ளே உட்கார்ந்து தின்னும் புழுவும் வரும். அந்த இலையைப் புழுவோடு கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மறுநாள் சமைக்கப்போகிற இலைக்கு மருந்து அடிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

விதைக்கென்று நல்ல செடிகள் இரண்டை விட்டுவையுங்கள். பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் கலந்து அடுத்த தலைமுறை குழம்பிவிடும். ஒரு நிறத்தை மட்டும் கதிர் விட விடுங்கள்.

[காட்சி: அடுப்படி. அரிசி களைந்த தண்ணீர் ஒரு பாத்திரத்தில்.]

இப்போது மண்டி. அரிசி களைந்த தண்ணீர்தான் இதற்கு ஆதாரம். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரில் இரண்டு கப் எடுத்து வையுங்கள். அதிலுள்ள மாவுதான் குழம்புக்கு மெல்லிய திடம் தரும். அன்றைக்குக் களைந்ததாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும்.

நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மூன்று காய்ந்த மிளகாய் தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல் போட்டு வெங்காயம் கண்ணாடிப் பதம் வரும்வரை வதக்குங்கள். இரண்டு கைப்பிடி கீரையைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து ஒரு புரட்டு. பிறகு அரிசித் தண்ணீரை ஊற்றி, மூடாமல் ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடினால் பச்சை நிறம் மங்கும். உப்பு கடைசியில்தான், கீரை வெந்து சுண்டிய பிறகு. முதலிலேயே போட்டால் அளவு தப்பும். அடுப்பைத் தணித்து, கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப் ஊற்றி, ஓரம் நுரைக்கும்போதே இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரிந்துவிடும். வெண்டைக்காய் மண்டிக்குப் புளி உண்டு; இதற்கு வேண்டாம். சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் தொட்டுக்கொள்ள ஒரு அப்பளம் போதும். கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அதைத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் கொடுத்துவிடுகின்றன.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தண்டுக்கீரையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கொஞ்சம் குறையும். மண்டியில் அந்தத் தண்ணீரும் உள்ளேதான் போகிறது.

தண்டுக்கு வேறு சமையல். மேல்நாரை உரித்து விரல் நீளம் நறுக்கி, முக்கால் பதம் வேகவைத்துப் புளிக்குழம்பில் போடுங்கள். தண்டுக்குள் புளியும் காரமும் ஏற நேரம் ஆகும், அதனால் காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்குத்தான் நன்றாக இருக்கும்.