அடைமுட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன்!

வணக்கம் மக்களே! இன்று பேசப்போவது இன்டர்ஃபெரானைப் பற்றி, வைரஸ் வந்தால் நம் செல்கள் சுரக்கிற புரதம் அது. முதலில் இதைப் பாருங்கள். இருட்டு அறை, கையில் ஒரு நாட்டுக்கோழி முட்டை, அடியில் போன் டார்ச். ஓட்டுக்கு உள்ளே செக்கச்செவேலென்று வேர் விட்ட மாதிரி ரத்த நாளங்கள் பிரிந்து போகிறதா? அதோ, கறுப்பாக ஒன்று அசைகிறது, அதுதான் குஞ்சு. அடை வைத்து இன்று பத்தாம் நாள். நேற்று ராத்திரி இதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

இதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். கடை முட்டையில் கரு இருக்காது, சேவல் சேர்ந்த முட்டைதான் வேண்டும். சந்தையில் ஒரு பாட்டி நாட்டு முட்டையை 15 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். "அடை வைக்கணும் பாட்டி" என்று வாயைத் திறந்தேன், அவ்வளவுதான், 30 ரூபாய்! அதே கூடை, அதே முட்டை! கால் மணி நேரம் பேசி 12 முட்டை 350 ரூபாய்க்கு முடிந்தது. அடைகோழி பெரியம்மா வீட்டுடையது. ஒவ்வொரு தடவை கையை விடும்போதும் ஒரு கொத்து. இன்று பார்த்ததில் 3 கூமுட்டை, மீதி 9 முட்டையிலும் உயிர் இருக்கிறது. 9! நான் 5 தேறினாலே போதும் என்று நினைத்திருந்தேன்.

சரி, முட்டை எதற்கு? வைரஸ் காய்ச்சல் வீடியோவில் இன்டர்ஃபெரானைப் பற்றித் தனியாகப் பேசுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கதை இந்த மாதிரி முட்டைக்குள் இருக்கும் ஒரு சவ்வில்தான் தொடங்குகிறது. 1957, லண்டன் மில் ஹில். அலிக் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜீன் லின்டன்மனும் கோழிக்கருவைச் சுற்றி முட்டை ஓட்டோடு ஒட்டியிருக்கும் சவ்வைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸில் அதை ஊற வைத்தார்கள். பிறகு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளுக்குக் கொடுத்தார்கள். உயிருள்ள வைரஸால் அந்தப் புதுத் துண்டுகளில் சரியாகப் பெருக முடியவில்லை. ஆக, முதல் துண்டு ஏதோ ஒன்றை நீரில் விட்டிருக்கிறது. வைரஸின் வேலைக்குள் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். நான் என் முட்டையை உடைக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

ஐயோ, ஜப்பானை விட்டுவிட்டேனே. 1954-லேயே நாகானோவும் கோஜிமாவும் முயலை வைத்து இதே மாதிரி ஒரு பொருளைப் பார்த்துவிட்டார்கள். நிறையப் பேர் அவர்களைச் சொல்வதே இல்லை, எனக்கு அது பிடிக்காது.

பள்ளிப் புத்தகத்தில் இன்டர்ஃபெரான் என்றால் 'பக்கத்து செல்லை உஷார்ப்படுத்தும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிமேல் எனக்குத் தீராத கோபம். அதே இன்டர்ஃபெரான் எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய், நோய் எதிர்ப்பு செல்கள் பிறக்கிற இடத்திலேயே கை வைக்கிறது!

மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. நம் ரத்த செல்கள் எல்லாவற்றுக்கும் தாய் அவைதான். அவற்றில் ஒரு கூட்டம் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். எலியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அப்படித் தூங்குகிற செல் அதன் ஆயுளிலேயே ஏறக்குறைய 5 தடவைதான் பிரிகிறது. விதைநெல்லைக் குதிரில் பூட்டி வைத்த மாதிரி. 2009-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் மாரீகே எஸ்ஸர்ஸும் அவர் குழுவும் எலிகளுக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்தார்கள். தூங்கின செல்கள் விழித்துப் பிரிய ஆரம்பித்துவிட்டன.

விழித்தது நிஜம்தானா என்று பார்த்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்து, பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் கொல்லும். தூங்குகிற ஸ்டெம் செல் சாதாரணமாக அதில் தப்பித்துவிடும். ஆனால் முன்கூட்டியே இன்டர்ஃபெரான் கொடுத்து எழுப்பிவிட்டால் தப்பவில்லை, மருந்து அவற்றை அழித்துவிட்டது. அடுத்தது இன்னும் முக்கியம். இன்டர்ஃபெரானை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஸ்டெம் செல்கள் களைத்துப்போகின்றன. அந்தச் சமிக்ஞையே கேட்காத செல்களோடு போட்டி என்று வந்தால் இவைதான் தோற்கின்றன. கொஞ்ச நேரம் எழுப்பினால் படை பெருகும், ஓயாமல் எழுப்பினால் விதைநெல்லே காலி.

அடுத்த வருடம், 2010-இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில் இன்டர்ஃபெரான் காமாவைப் பார்த்தார்கள். ஆல்ஃபாவும் காமாவும் வேறு வேறு. ஆல்ஃபாவும் பீட்டாவும் முதல் வகை, காமா இரண்டாம் வகை. காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு பாக்டீரியா எலிக்குள் நாள்கணக்கில் தங்கியிருக்கும்போது, இந்தக் காமாதான் தூங்கின ஸ்டெம் செல்லை எழுப்புகிறது. எழுப்புவதோடு நிற்பதும் இல்லை. நியூட்ரோபில் பக்கம் போகிற வளர்ச்சியைக் குறைத்து மோனோசைட் பக்கம் தள்ளுகிறது, இரண்டுமே வெள்ளை அணு வகைகள். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களிலும் டி-பெட் என்ற புரதத்தை முடுக்கிவிட்டு, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியோடு மோதுகிற முதல் வகை உதவி டி செல்லாக மாற்றுகிறது. அந்த டி செல் திரும்பக் காமாவைச் சுரக்கும், அது இன்னும் பல செல்களை அதே வழிக்கு இழுக்கும்.

மனிதர்களில் வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லூபஸைப் பார்க்கலாம், நோய் எதிர்ப்பு செல்கள் சொந்த உடம்பையே தாக்குகிற நோய் அது. 2001-இல் டல்லஸில், லூபஸ் உள்ளவர்களின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரிகிற தெளிந்த நீரை, ஆரோக்கியமானவர்களின் மோனோசைட்டோடு சேர்த்து வைத்தார்கள். சாதாரண மோனோசைட்டுகள் டென்ட்ரிடிக் செல்களாக மாறிவிட்டன! மாற்றியது சீரத்தில் இருந்த இன்டர்ஃபெரான் ஆல்ஃபா. டென்ட்ரிடிக் செல்லின் வேலை எதிரியைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டிக்கொடுப்பது. எதிரியே இல்லாத நேரத்தில் அப்படிக் காட்டிக்கொடுப்பவர்கள் பெருகினால், காட்டிக்கொடுப்பது நம் சொந்த உடம்பைத்தான். அதனால்தான் முதல் வகை இன்டர்ஃபெரான் செல்லில் வந்து ஒட்டுகிற ஏற்பியையே அடைக்கிற அனிஃப்ரோலுமாப் என்ற மருந்துக்கு 2021-இல் அமெரிக்காவில் லூபஸுக்காக அனுமதி கிடைத்தது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். போன வாரத்தில் மட்டும் மூன்று பேர் எனக்கு ஒரே பவுடரின் படத்தை அனுப்பி, வாங்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். 899 ரூபாய். 'வருடம் முழுக்க இம்யூனிட்டியை உச்சத்தில் வைக்கும்' என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பவுடருக்குள் என்ன இருக்கிறது என்பதை விடுங்கள், அந்த ஆசையே தப்பு. வருடம் முழுக்க உச்சத்தில் இருந்தால் என்ன ஆகும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொண்ட காலம் இருந்தது. போட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சல், உடம்பு வலி, அதற்கு மேல் வெள்ளை அணுக்களும் குறையும். வைரஸ் வரும்போது எழும்ப வேண்டும், போனதும் அடங்க வேண்டும். அந்த 899 ரூபாய்க்கு இரண்டு டஜன் அடைமுட்டை வாங்கி, பாட்டி சொல்கிற விலைக்கே வாங்கினாலும், மிச்சம் கையில் இருக்கும்.

சரி, முட்டைகளை வெளியே எடுத்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சூடு போய்விடும். பெரியம்மா வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். இன்னும் 11 நாள், பொரிக்கிற அன்று லைவ் வருகிறேன்.