ஃப்ளிப்பர் இல்லாமல் பின்பால் எப்படி ஆடினார்கள்?

அடுத்த கேள்வி, பின்பால் பற்றி. சாய்வான மேஜையில் பந்தை உருளவிட்டுப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு அது. பொத்தானை அழுத்தினால் பந்தைத் திருப்பி அடிக்கும் சின்ன மட்டைதான் ஃப்ளிப்பர். "போன வீடியோவில் காட்டிய பழைய பின்பால் மேஜையில் ஃப்ளிப்பரே இல்லையே, கழன்று விழுந்துவிட்டதா? அது இல்லாமல் என்ன விளையாட்டு, எல்லாம் அதிர்ஷ்டம்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

கழன்று விழவில்லைங்க. அதில் முதலிலிருந்தே கிடையாது. ஃப்ளிப்பர் வந்தது 1947-இல், காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' மேஜையில். மின்சாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1933-இல் ஹாரி வில்லியம்ஸ் செய்த 'கான்டாக்ட்' மேஜையில், குழியில் விழுந்த பந்தை சோலனாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் கம்பியை இழுக்கும் காயில், வெளியே உதைத்துத் தள்ளும்.

சரி, பிளஞ்சர் என்ற ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டு பந்தை உள்ளே அனுப்பிய பிறகு ஆடுபவருக்கு என்ன வேலை? மேஜையைத் தள்ளுவதுதான். விளையாட்டாகச் சொல்லவில்லை, மொத்தத் திறமையும் அங்கேதான் இருந்தது. 1930களின் பின்பாதியில் பாலி நிறுவனம் 'பம்பர்' என்ற மேஜையைக் கொண்டுவந்தது. பம்பர் என்பது பந்து மோதுவதற்காக ஆடுதளத்தில் நிற்கும் சின்னத் தூண். ஒவ்வொரு பம்பரிலும் ஒரு சுருள் கம்பி இருக்கும். பந்து மோதினால் அது வளைந்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடும். சர்க்யூட் மூடும், காயில் இழுக்கும், பல்சக்கரம் ஒரு பல் நகரும், ஸ்கோர் ஏறும். அடியில் 'டக்'கென்று சத்தம் கேட்கும். பந்து மோதும் நேரம் பார்த்து மேஜையை லேசாக இடித்தால், அதே பம்பரிலேயே இன்னொரு முறை மோதவைக்கலாம். கை பழகியவர்கள் இதில் கில்லாடிகள்.

அப்படி இடித்து இடித்து ஜெயிப்பவர்களைக் கட்டுப்படுத்தத்தான் டில்ட். ஒரு வளையத்துக்கு நடுவே சின்ன ஊசல் தொங்கும். மேஜையை அதிகமாக ஆட்டினால் அது வளையத்தில் பட்டு ஆட்டம் முடிந்துவிடும். ஊசல் எடையைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் அதிகம் தள்ளலாம், கீழே இறக்கினால் தொட்டாலே போச்சு. கடைக்காரர் மனசு எப்படியோ அப்படி!

அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நியூயார்க்கில் 1942-இல் மேயர் லகார்டியா இதைச் சூதாட்டம் என்று சொல்லித்தான் மேஜைகளைச் சம்மட்டியால் உடைக்கவைத்தார். அந்தத் தடை 1976 வரை நீடித்தது. ஆனால் வெறும் அதிர்ஷ்டம் என்றால் டில்ட் எதற்கு?

அப்புறம் ஒன்று. ஃப்ளிப்பர் இல்லை என்பதற்காக 1947-க்கு முந்தையது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். 1951-இல் பாலி வெளியிட்ட 'பிரைட் லைட்ஸ்' போன்ற பிங்கோ மேஜைகளிலும் (பந்து விழும் குழிகளின் எண்களை வரிசையாகச் சேர்க்கும் வகை) ஃப்ளிப்பர் கிடையாது. ஆடுதளத்தில் எண் போட்ட குழிகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் 25, இருந்தால் அது பிங்கோ.